மாரிமுத்து நடந்த படம்

உட்கார்ந்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வராதது அந்த உட்காருவதுதான். இந்த முதல் வரிக்குள் இரண்டு தடவை எழுந்து சன்னல்வரை போய்விட்டு வந்தேன். “எழுதுறீங்களா, வீட்டை அளக்குறீங்களா?” என்று கேட்கிறாள் என் மனைவி தனலட்சுமி. நாற்பது வருடம் காமிராவைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் பின்னால் ஓடிய கால்கள். ஓய்வு பெற்றுவிட்டாய், அடங்கு என்றால் அவற்றுக்குப் புரிவதில்லை. முருகன்மேல் பாரத்தைப் போட்டு ஆரம்பிக்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது, சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் படம் எடுக்கும் குழுவினர். போன மாதம் ஷாலினி என்ற பெண் தன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்காரர் சரம் தொடுக்கிறார். அவள் விரலை வைத்து அழுத்தினாள். பூக்காரரின் கை அசைந்தது. நாரை இழுத்தார், முடிச்சுப் போட்டார், மறுபடி சிலையாகிவிட்டார்.

“நான் ஒண்ணுமே பண்ணல லா, அங்கிள். அதுவே ஆடுது. உங்க டைம்ல இதெல்லாம் இல்லையே, ஸ்டில் போட்டோல எப்படி மூவ்மென்ட் காட்டுவீங்க?”

“அங்கிள் டைம்ல எல்லாரும் ஆடாம நின்னாங்க லா,” என்று குழுவில் இன்னொருவரான நசீர் கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்று பேருந்தில் ஏறாமல் வீடுவரை நடந்தே வந்தேன். மாரிமுத்து நினைவுக்கு வந்துவிட்டான். அவன் நினைவு வந்தால் என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியாது.

எங்கள் ஸ்டூடியோ சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. முன்னால் கடை, நடுவில் திரை கட்டிய அறை, பின்னால் இருட்டறை. வேலை கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீர் பிடித்தேன், மருந்துத் தட்டுகளைக் கழுவினேன், படங்களைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். மூன்றாம் வருடம் காமிரா கைக்கு வந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். புது ரோல் போட்டால் முதல் படம் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் முருகன் படத்துக்கு. அதற்குப் பிறகுதான் மனிதர்களுக்கு.

முதலாளியை நாங்கள் மாஸ்டர் என்போம். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். சத்தம் போட்டுப் பேச மாட்டார். படம் எடுக்க வருபவரை நாற்காலியில் உட்காரவைப்பார், கைபடாமல் ஒரு சீப்பின் நுனியால் முகவாயை இம்மி அளவு தூக்குவார், இரண்டு அடி பின்னால் போய்ப் பார்ப்பார், திரும்ப வந்து காலரைச் சரிசெய்வார். பிறகு, “மூச்சை உள்ளே வைங்க. ஆடாதீங்க,” என்பார். அழுகிற குழந்தைகூட அந்தக் குரலுக்கு ஒரு நொடி அடங்கும். அந்த ஒரு நொடி அவருக்குப் போதும்.

நாங்கள் எடுத்த படங்களைக் காலையில் மேசையில் பரப்பி, தே ஓ என்கிற பாலில்லாத டீயைக் குடித்துக்கொண்டே பார்ப்பார். நல்லது என்று வாயால் சொன்னதே கிடையாது. பிடிக்காத படத்தைக் கிழிக்கவும் மாட்டார். கவிழ்த்து வைப்பார், அதன்மேல் கோப்பையை வைப்பார். படத்தின் முதுகில் பழுப்பாக ஒரு வட்டம் விழும். அவ்வளவுதான் தீர்ப்பு. என் மேசை இழுப்பறையில் அந்த மாதிரி வட்டம் விழுந்த படங்கள் ஒரு கட்டு இருந்தன.

காரணம், எனக்கு ஆடாத படம் பிடிக்காது. தைப்பூசத்தில் காவடி சுழல்கிறது, பார்க்கிற நமக்கே தலை சுற்றுகிறது. படத்தில் அது கம்பத்தில் மாட்டிய விசிறி மாதிரி நின்றால் என்ன நியாயம்? ஆகவே பிலிம் போடாத காமிராவோடு சாலை ஓரம் நின்று பழகினேன். சைக்கிளோ மூன்று சக்கரத் திரிஷா வண்டியோ வந்தால் அதோடு சேர்ந்து காமிராவைத் திருப்பவேண்டும். இடுப்பு திரும்பலாம், பாதம் நகரக்கூடாது. ஷட்டர் பதினைந்தில் ஒரு பங்கு வினாடி திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் வண்டியும் உங்கள் இடுப்பும் ஒரே வேகத்தில் போனால் ஓட்டுபவர் முகம் தெளிவாக நிற்கும், சாலையும் கடைகளும் கோடுகோடாக ஓடும், சக்கரம் புகையாகும். கொஞ்சம் பிந்தினால் எல்லாமே புகைதான். வெறும் காமிராவைத் திருப்பித் திருப்பி நிற்கும் என்னைப் பார்த்து எதிர்க்கடை நகைப் பட்டறைக்காரர், “ரத்தினம், என்னப்பா, ஈ ஓட்டுறியா?” என்பார்.

ஒரு வருடம் தீமிதியில் அப்படி ஒரு படம் எடுத்தேன். பூக்குழியில் ஒருவர் ஓடுகிறார். மஞ்சள் வேட்டி சுவாலைபோல் நீண்டு கிடக்கிறது. அன்று கிடைத்த படங்களில் அதுதான் உயிரோடு இருந்தது என்று நான் நினைத்தேன். மாஸ்டர் கவிழ்த்தார், கோப்பையை வைத்தார்.

“ஆளைக் காணோமே, ரத்தினம்.”

“ஓட்டம் தெரியுதே, மாஸ்டர்.”

“ஓட்டத்துக்கு அம்மா அப்பா இருக்காங்களா? படத்தை வாங்கிட்டுப் போறது ஆளோட அம்மா அப்பா.”

அந்தப் பேச்சு எனக்கு அப்போது பிடிக்கவில்லை. அது முழுக்க விளங்க எனக்கு மாரிமுத்து தேவைப்பட்டான்.

அவன் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம். சாரத்திலிருந்து விழுந்து வலது தொடை எலும்பு நொறுங்கி, கம்பி வைத்துச் சேர்த்திருந்தார்கள். ரப்பர் முனை வைத்த ஊன்றுகோலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் வந்தான். வைத்தியமும் விசாரணையும் முடியும்வரை ஊருக்குப் போக முடியாது, இன்னும் பல மாதம் ஆகலாம் என்றான். அதற்குள் ஊருக்குப் போன யாரோ ஒரு புண்ணியவான், “உன் மகனுக்குக் காலே இல்லை” என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அந்த அம்மா அன்றிலிருந்து சோறு தொடவில்லை. மகன் நடப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு வேளைக் கஞ்சிதான் என்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு உட்கார்ந்துவிட்டது. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிற காலம் இல்லை அது. ஞாயிறுதோறும் இவன் தொலைபேசி அட்டை வாங்கி, ஊரில் மளிகைக் கடைக்கு அழைப்பான். அம்மா அங்கே வந்து காத்திருக்கும்.

“நான் நல்லாத்தாம்மா நடக்குறேன்னு சொன்னேன் அண்ணே. ‘குரல் வருதுடா, கால் வருதா?’ன்னு கேக்குது. நான் என்ன செய்யட்டும்?”

மாஸ்டர் அவனைத் தன் வழக்கப்படி நிறுத்தினார். திரைக்கு முன்னால் மரத் தூண் ஒன்று உண்டு. அதில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. ஊன்றுகோலை எடுத்து மறைத்து வைத்தார். மூச்சை உள்ளே வைங்க, ஆடாதீங்க. அழகான படம். இரண்டு கால்களும், செருப்பின் வார்கூடத் தெளிவாக இருந்தன.

மூன்று வாரம் கழித்து மாரிமுத்து அந்தப் படத்துக்கு வந்த பதிலோடு வந்தான். அவன் அம்மா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னதாம்: “உங்கப்பன் செத்தன்னைக்கும் இப்படித்தான் நாற்காலியில கட்டி உக்கார வச்சுப் படம் எடுத்தாங்க. உயிரோட இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. உன்னையும் யாரோ தூணுல சாத்தி நிறுத்தியிருக்காங்க.”

 மாஸ்டர் கோப்பையை எடுத்து மேசையின் இன்னொரு மூலையில் வைத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், மறைக்காமல் சொல்கிறேன். நம்முடைய நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நின்றால்தானே சாத்தி வைத்தது என்பார்கள்? நடப்பதையே எடுத்துவிட்டால்?

அடுத்த ஞாயிறு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் திடலோரம் அவனை வரச்சொன்னேன். முருகனுக்கு முதல் படம் எடுத்து முடித்த ரோல் காமிராவில் இருந்தது. கோல் இல்லாமல் அவனால் ஆறு அடி நடக்க முடியும். ஏழாவதில் எதையாவது பிடித்தாகவேண்டும். அங்கே வேலி இருந்தது. ஆறு அடிக்குள் எனக்குப் படம் வேண்டும்.

முதல் தடவையே தெரிந்துவிட்டது, இது சைக்கிள் இல்லை. நொண்டி நடப்பவன் நேர்க்கோட்டில் போவதில்லை. வலது காலில் இறங்குகிறான், இடது காலில் ஏறுகிறான். என் இடுப்பு பக்கவாட்டில் திரும்ப, அவன் முகம் மேலும் கீழும் போனது. படம் நிச்சயம் புகை. இன்னொரு தடவை நடக்கச் சொன்னேன், பிறகு இன்னொரு தடவை. பத்துத் தடவைக்கு மேல் பார்த்தபிறகு ஒன்று பிடிபட்டது. இடது காலில் ஏறி, உச்சிக்குப் போய், கீழே இறங்கத் தொடங்குவதற்கு முன்னால் அவன் தலை ஒரு இமைப்பொழுது நிற்கிறது. ஊஞ்சல் உச்சியில் நிற்பதுபோல. அந்த இடத்தில் தட்டவேண்டும்.

“ஒரே ஒரு தடவை, மாரிமுத்து.”

“சரிண்ணே.”

“இன்னும் ஒண்ணு. இதுதான் கடைசி.”

“கடைசியை நாலு தடவை சொல்லிட்டீங்கண்ணே,” என்று சிரித்தான். சிரிக்கும்போது மேல் உதட்டில் வேர்வை நின்றது. பத்தொன்பது தடவை நடக்கவைத்தேன். கம்பி வைத்த காலோடு ஒருவனை ஒரு படத்துக்காகப் பத்தொன்பது தடவை. இன்றைக்கும் கோயிலில் பிராகாரம் சுற்றும்போது என்னை அறியாமல் எண்ணுகிறேன், பத்தொன்பது வந்ததும் கால் நின்றுவிடுகிறது.

படம் வந்தது. இருட்டறையில் மருந்துத் தண்ணீருக்குள் அது மெல்ல எழுந்தது. முகம் கல்வெட்டுப் போல் தெளிவு. பின்னால் வேலியும் மரங்களும் கோடுகளாகப் பறக்கின்றன. சட்டை முன்னால் சாய்கிறது. கால்கள் இரண்டும் வேகத்தில் கரைந்து ஓடுகின்றன. யார் பார்த்தாலும், இவன் போகிறான் என்று சொல்வார்கள். மாஸ்டர் நெடுநேரம் பார்த்தார். கவிழ்க்கவில்லை. “முகம் இருக்கு,” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

படம் ஊருக்குப் போனது. அடுத்த இரண்டாவது ஞாயிறு மத்தியானம், மாரிமுத்து கோலைத் தட்டிக்கொண்டு வேகமாக வந்தான். கடை நிறைய ஆட்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தான்.

“அண்ணே, காலைக் காணோங்குது.”

“என்னப்பா சொல்றே?”

“கடைக்காரர்தான் பேசினாரு. அம்மா போனுக்கே வரல. படத்தைப் பாத்துட்டு ஒரே கத்தலாம். முகம் இருக்கு, கால் புகையாப் போவுது, பேய்க்குத்தான் கால் தரையில படாதுன்னு. என் புள்ளை செத்துட்டான், அவன் ஆவியைப் படம் புடிச்சு அனுப்பியிருக்கானுங்கன்னு ஊரையே கூட்டிடுச்சாம். போனுல பேசுறதும் நான் இல்லையாம், வேற எவனோவாம். கஞ்சியையும் விட்டுடுச்சுண்ணே. மூணு நாளா வெறும் தண்ணிதான்.”

அவன் அழவில்லை. கடையில் காத்திருந்த ஒரு அம்மாதான் “ஐயோ, பாவி” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. என்னைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு ஓட்டமாகத் தெரிந்தது அந்தத் தாய்க்கு மரணமாகத் தெரிந்திருக்கிறது. பேய்க்குக் கால் பாவாது என்று சின்ன வயதில் எனக்கும்தான் சொல்லி வளர்த்தார்கள். நானும் அதே சனம்தானே! பதினைந்தில் ஒரு பங்கு, ஊஞ்சல் உச்சி என்று கணக்குப் பார்த்தவனுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

அவன் தங்குமிடத்தில் கூட இருந்த சேகர் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் திருச்சிக்கு விமானம் ஏறுகிறான், பக்கத்து ஊர்க்காரன், கையிலேயே கொண்டு போய்க் கொடுப்பான் என்று மாரிமுத்து சொன்னான். அதற்குள் ஒரு படம் வேண்டும். தபாலை நம்பினால் அந்த உடம்பு தாங்காது.

“நின்னா சாத்தி வச்சது, நடந்தா பேய்,” என்றார் மாஸ்டர். “மூணாவது என்ன இருக்கு, ரத்தினம்?” கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். 

அன்று கோகுலாஷ்டமி. வீட்டுக்குப் போனால் தனலட்சுமி வாசலிலிருந்து பூசை அலமாரிவரை கண்ணன் பாதம் போட்டுக்கொண்டிருந்தாள். கைமுட்டியை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் ஒற்றி, விரல்நுனியால் ஐந்து பொட்டு. என் மகள் முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு எதுவும் கண்ணில் ஏறவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தேன். முகம் தெரியவேண்டும், கால் தெரியவேண்டும், நடப்பது தெரியவேண்டும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் சிலை, குறைத்தால் புகை. நடந்துகொண்டே இருந்தேன்.

“என்னங்க! கொஞ்சம் கீழே பாருங்க!”

பார்த்தேன். ஈர மாவை மிதித்துக்கொண்டு கூடம் முழுக்க நடந்திருக்கிறேன். சின்னச் சின்னக் கண்ணன் பாதங்களுக்குக் குறுக்கே என் பெரிய பாதங்கள், சன்னலுக்குப் போய், திரும்பி, அடுக்களை வாசல்வரை.

“கிருஷ்ணன் வந்தான்னு போட்டா, நீங்க வந்ததுல்ல தெரியுது!” என்றாள். மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “அப்பா நாலு தடவை ரவுண்டு அடிச்சிருக்காரு, எண்ணிப் பாரும்மா.”

எண்ணிப் பார்க்கலாம். நான் அங்கேயே நின்றுவிட்டேன். வருடாவருடம் வாசலிலிருந்து உள்ளே பாதம் போடுகிறோம். கண்ணன் உருவம் அங்கே கிடையாது, ஆனால் அவன் நடந்து உள்ளே வந்துவிட்டான் என்று சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிகிறது. அறந்தாங்கிப் பக்கத்து அம்மாவுக்குப் புரியாதா?

“தனம், நாளைக்கு எனக்கு ஒரு டப்பா மாவு வேணும். கெட்டியா.”

விஷயத்தைச் சொன்னேன். சாமிக்குக் கரைத்த மாவில் மிச்சம் கொடுக்க அவளுக்கு மனமில்லை. மிதிக்கிற மாவு வேறு, பூசை மாவு வேறு என்றாள். தரையைத் துடைத்துவிட்டுப் பாதங்களை முதலிலிருந்து போட்டாள். பூசை முடிந்தபின் தனியாக அரிசி ஊறவைத்தாள். காலையில் அரைத்து, மூடி போட்ட டப்பாவில் ஊற்றிக் கொடுக்கும்போது, “பெத்தவளுக்குப் போறது, சிந்தாம கொண்டு போங்க,” என்றாள். பேருந்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்றுகொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம். ஸ்டூடியோவின் பின்சந்தில் சிமெண்டுத் தரையைக் கழுவிக் காயவிட்டோம். நல்ல வெயில். ஒரு மூலையில் பேசின், அதில் மாவு. மாரிமுத்து அதைப் பார்த்துவிட்டுத் தயங்கினான்.

“அரிசி மாவாண்ணே? கால் வைக்கவா?”

“உங்கம்மா சோறு சாப்பிடத்தான்ப்பா. வை.”

நான் முக்காலிமேல் ஏறி, மேலிருந்து சாய்வாகப் பார்த்தேன். அவன் குறுக்காக என்னை நோக்கி வரவேண்டும், பின்னால் தடம் முழுவதும் தெரியவேண்டும், கடைசியில் பேசின் தெரியவேண்டும். ஷட்டர் ஐந்நூறில் ஒரு பங்கு. எதுவும் ஆடாது, எதுவும் கரையாது. மாஸ்டர் பாணி. முதலில் அவனை நடக்கவிட்டு, வெளிச்சம் பார்க்கத் தரையில் இருந்த தடத்தை மட்டும் ஒரு படம் எடுத்தேன். பிறகுதான் உறைத்தது, ரோல் புதிது. முருகனுக்கு எடுக்க மறந்துவிட்டேன். சாமிக்கு உரிய முதல் படத்தில் மாரிமுத்துவின் மாவுக் கால். மாஸ்டரிடம் சொன்னேன். “கால்தானே? நாம கும்பிடுறதும் காலைத்தானே?” என்றார். வாளியில் தண்ணீர் எடுத்துத் தரையை அவரே கழுவினார்.

இரண்டாவது தடவை நாலாவது அடியில் மாரிமுத்து நின்றுவிட்டான். படம் எடுக்கிறார்கள் என்றால் நிற்கவேண்டும் என்று பழக்கம். எனக்கு முன்னால் மாஸ்டர் குரல் வந்தது. ஆயுள் முழுக்க ஊரையே ஆடாதே என்று சொன்னவர், முழுக்கைச் சட்டை நனைந்து, கையில் துடைப்பத்தோடு சந்தில் நின்று கத்தினார்: “நிக்காதே! நட! நட தம்பி, நட!”

மூன்றாவது தடவை. பேசினிலிருந்து காலை எடுத்தான். ஒன்று, இரண்டு. ஐந்தாவது அடியில், வலது குதிகால் தூக்கி, விரல்களிலிருந்து மாவு சொட்டும்போது தட்டினேன். போதும் என்றேன். அவன் நம்பவில்லை. “அவ்வளவுதானாண்ணே? பத்தொன்பது இல்லையா?” என்றான். நான் முக்காலியிலிருந்து இறங்கி ஊன்றுகோலை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

சாயந்திரம் படம் மேசைக்கு வந்தது. நடுவில் மாரிமுத்து, வெயில் முகத்தில், நிழல் தரையில். பேய்க்கு நிழலும் விழாது என்பார்களே, அதுவும் வந்து உட்கார்ந்திருந்தது. பின்னால் நான்கு தடங்கள். இடது கால் இரண்டும் முத்திரை குத்தியதுபோல் ஐந்து விரலோடு இருந்தன. வலது கால் இரண்டுக்கும் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. அவன் இழுத்து வைக்கிற கால்.

மாரிமுத்து கோட்டையே பார்த்தான். “இதை மட்டும் அழிச்சுடுங்கண்ணே. நொண்டின்னு தெரிஞ்சா அது தாங்காது. நல்லா நடக்குறேன்னு சொல்லியிருக்கேன்.”

படத்தைத் திருத்துவதில் மாஸ்டரை மிஞ்ச ஆள் கிடையாது. அம்மைத் தழும்பை எடுப்பார், இல்லாத முடியைக் கொண்டுவருவார். தூரிகையை எடுத்து மையில் தோய்த்தார். படத்தின்மேல் குனிந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டால் சரி என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஏற்கெனவே என் படத்தைப் பார்த்துத்தானே அந்த அம்மா படுத்துக் கிடக்கிறது?

மாஸ்டர் தூரிகையைக் கீழே வைத்தார்.

“தம்பி, உங்கம்மா வீட்டுல கோலம் போடுவாங்களா?”

“தினமும் போடும்.”

“கோட்டை அழிச்சா நாலு காலும் ஒண்ணு மாதிரி ஆயிடும். யாரோ உக்காந்து போட்ட கோலம்னு ஒரே பார்வையில சொல்லிடுவாங்க. இந்தக் கோட்டை யாராலயும் போட முடியாது. நீ நடந்தாத்தான் வரும்.”

மாரிமுத்து அந்தக் கோட்டை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். பிறகு, “அனுப்புங்க,” என்றான். மாஸ்டரின் தே ஓ ஆறிக் கிடந்தது. கோப்பையை வைக்க மேசையில் இடம் இருந்தும், அன்று அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு குடித்தார்.

செவ்வாய்க்கிழமை சேகர் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சாங்கி விமான நிலையத்துக்குப் போனான். அதற்குப் பிறகு ஞாயிறுவரை ஐந்து நாள். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டேன், பிலிம் மாட்டாமல் பாதிப் பிறந்தநாளை எடுத்தேன். காலையிலும் சாயந்திரமும் கோயிலுக்குப் போனேன். முருகா, என் படத்தால் ஒரு உயிர் போகக்கூடாது, அது ஒன்றுதான் கேட்டேன்.

ஞாயிறன்று தொலைபேசிக் கடைக்கு மாரிமுத்துவோடு நானும் போனேன். அவன் எண்களை அழுத்தினான். எதிர்ப்பக்கம் எடுத்தார்கள். இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கேட்டது அவன் அம்மாவின் குரல்தான். அவ்வளவு பலமாக இருந்தது, எனக்கே கேட்டது.

“வலது காலு இழுக்குதாடா?”

 அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“ஆமாம்மா. கொஞ்சம் இழுக்குது.”

“இழுக்கட்டும். தரையில படுதுல்ல?”

“படுதும்மா.”

“அப்புறம் என்னடா. சரி, வை. அடுப்புல உலை கொதிக்குது. அரிசி போட்டுட்டு வந்துட்டேன், குழைஞ்சிடும்.”

தொலைபேசியை வைத்துவிட்டு அவன் அந்தக் கூண்டுக்குள்ளேயே நின்று அழுதான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அவர்களும் ஊருக்குப் பேச வந்தவர்கள்தானே.

ஷாலினிக்கும் நசீருக்கும் நான் எழுதித் தருவதாகச் சொன்னது இதுதான். ஷட்டர் கணக்கெல்லாம் சனிக்கிழமை நேரில் சொல்கிறேன், அது அரைமணி நேரத்து வேலை. அதற்குப் பிறகும் நான் எத்தனையோ ஓடுகிற படங்கள் எடுத்தேன், தேர், காவடி, மழையில் பேருந்துக்கு ஓடும் சனம். பரிசும் இரண்டு வந்தது. ஆனால் ஒவ்வொரு படத்தையும் எடுத்தபின், இதை வாங்கிப் பார்க்கப்போகிற அம்மாவுக்கு இது என்னவாகத் தெரியும் என்று ஒரு தடவை கலங்கிவிட்டுத்தான் கொடுத்தேன்.

மாரிமுத்து ஊருக்குப் போக அதற்குப் பிறகும் எட்டு மாதம் ஆனது. போய் ஒரு கடிதம் போட்டான். அது எங்கள் பூசை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. இப்போது எழுந்து போய் எடுத்து வந்தேன். தனம், “மறுபடியும் நடக்க ஆரம்பிச்சாச்சா?” என்கிறாள். அவன் எழுதியிருப்பதை அப்படியே எழுதி முடிக்கிறேன்.

“அண்ணே, வண்டி வாசல்ல நின்னுச்சு. தெருவுல இருந்து வீட்டுக்குள்ள வரைக்கும் அம்மா மாவுல கால் போட்டு வச்சிருந்துச்சு. படத்துல இருக்கிற மாதிரியே. இடது கால் நேரா, வலது காலுக்குப் பின்னாடி கோடு. அது மேலயே கால் வச்சு உள்ளே போனேன். அளவெல்லாம் சரியா இருந்துச்சு. கோடு மட்டும்தான் அம்மா நீளமாப் போட்டுடுச்சு. இப்ப எனக்கு அவ்வளவு இழுக்குறது இல்லண்ணே.”